நெப்திஸ்: அழுகையே வேலையான எகிப்தியத் தெய்வம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நெப்திஸ் யார்?

பண்டைய எகிப்தில், ஹீலியோபோலிஸ் நகரத்து மரபில், ஒன்பது தெய்வங்கள் கொண்ட குடும்பம் ஒன்று உண்டு. முதலில் ஆத்தும். அவனிடமிருந்து ஷூவும் தெஃப்னுட்டும். அவர்களுக்குப் பிறந்தவர்கள் மண்ணான கெப்பும் வானான நூட்டும். இந்த இருவரின் பிள்ளைகள் ஒசைரிஸ், ஐசிஸ், சேத், நெப்திஸ். கடைக்குட்டி நெப்திஸ்தான்; சேத்தின் மனைவியும் அவளே.

சேத் தன் அண்ணன் ஒசைரிஸைக் கொல்கிறான். அக்கா ஐசிஸும் தங்கை நெப்திஸும் உடலைத் தேடிக் கண்டெடுத்து, அழுது, காவல் காத்து, அவனை மீண்டும் எழுப்புகிறார்கள். எகிப்தில் யார் செத்தாலும் அந்தப் பிணம் சடங்கில் ஒசைரிஸ்தான். ஆகவே ஒவ்வொரு சாவிலும் இந்த இரண்டு சகோதரிகளும் தேவைப்பட்டார்கள். நெப்திஸ் பெயர் ஏற்கெனவே பிரமிட் வாசகங்களில் வருகிறது. அவற்றில் மிகப் பழையவை சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள், ஏறக்குறைய கி.மு. 2350 அளவில் வெட்டப்பட்டவை.

பெயருக்கு என்ன பொருள்? எப்படி உச்சரிப்பது?

நெப்திஸ் என்பது கிரேக்கர் வாயில் திரிந்த வடிவம். எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. மெய்கள் மட்டும் ‘ந்ப்த் ஹ்வ்த்’ என்று இருக்கும். இடையில் ‘எ’ போட்டு நெபெத்-ஹுத் என்று படிப்பது ஆய்வாளர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம். பிற்கால காப்டிக் மொழியில் நெப்தோ. கிரேக்க வடிவம் எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே கேட்கிறது.

பொருள் ‘மாளிகையின் தலைவி’. இதை ‘இல்லத்தரசி’ என்று மொழிபெயர்த்துவிட்டு, அடுப்பங்கரைத் தெய்வம் என்று விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. தவறு. ‘ஹுத்’ என்பது சமையலும் படுக்கையும் உள்ள சாதாரண வீடு அல்ல; மதில் சூழ்ந்த பெரிய கட்டடம், கோயில் வளாகம், அரண்மனை. குடியிருக்கும் வீட்டுக்கு எகிப்திய மொழியில் வேறு சொல் இருக்கிறது.

ஓவியத்திலும் சிலையிலும் அவளை எப்படி அடையாளம் காண்பது?

தலைக்கு மேல் பாருங்கள். முகம், உடை, நிறம் எதுவும் உதவாது. எகிப்திய ஓவியன் பெண் தெய்வங்கள் எல்லோருக்கும் ஒரே முகத்தைத்தான் கொடுப்பான். நெப்திஸ் தன் பெயரையே தலையில் சுமக்கிறாள். கீழே நீள்சதுரம், அதன் ஒரு மூலையில் சிறு சதுரம்: அது ‘ஹுத்’, மேலிருந்து பார்த்த வளாகத்தின் வரைபடம். அதன் மேல் அகன்ற கிண்ணம் போன்ற கூடை: அது ‘நெப்’, தலைமை. தூரத்திலிருந்து பார்த்தால் தூணின்மேல் கிண்ணம் வைத்ததுபோல் தெரியும்.

கூடைக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது. கைப்பிடி உள்ள கூடை ‘க’ என்ற ஒலிக்கான வேறு எழுத்து. நினைவுப்பொருள் செய்கிறவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவார்கள். அதே வளாகக் கட்டத்துக்குள் வல்லூறு ஒன்று நின்றால் அது ஹாத்தோர் என்ற தெய்வம். ‘ஹோரஸின் மாளிகை’ என்பது அவள் பெயரின் பொருள்; ஹோரஸ் வல்லூறு வடிவத் தெய்வம். தலைமேல் தேள் இருந்தால் செர்கெத் என்ற தெய்வம்.

பெரிய குழப்பம் ஐசிஸோடுதான். ஐசிஸின் குறி ஓர் அரியணை, பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டு போல இருக்கும். இருவரும் ஜோடியாக நிற்கும்போது சிக்கல் இல்லை. ஆனால் புது அரசுக் காலத்திலிருந்து (ஏறக்குறைய கி.மு. 1550 முதல்) ஐசிஸ் ஹாத்தோரின் மாட்டுக்கொம்பையும் சூரிய வட்டையும் எடுத்துச் சூடிக்கொள்ளத் தொடங்கினாள். நெப்திஸ் அப்படி வேடம் மாறுவது மிக அரிது. ஆகவே ஜோடியில் ஒருத்திக்குக் கொம்பும் மற்றவளுக்குக் கூடைக் குறியும் இருந்தால், இரண்டாமவளை நெப்திஸ் என்று தயங்காமல் சொல்லலாம்.

தலைக்குறி உடைந்துபோன சிறு சிலைகளில் பாடு கஷ்டம். கல்வெட்டு இல்லாமல், இடத்தையும் நிலையையும் வைத்து மட்டும் முடிவு செய்தால், அது ஊகம் என்றே எழுத வேண்டும்.

அவள் சாவைக் கொண்டுவரும் தெய்வமா?

இல்லை. அவள் யாரையும் கொல்வதில்லை, உயிரைப் பறிக்க வருவதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. இறந்தவரின் இதயத்தை நிறுப்பது அனுபிஸ், எழுதிக்கொள்வது தோத், தீர்ப்பு மண்டபத்தின் தலைவன் ஒசைரிஸ், தோற்றவரின் இதயத்தைத் தின்பது அம்மித் என்ற கலப்பு மிருகம். ஹுனெஃபர் என்பவரின் இறந்தோர் நூல், அதாவது இறந்தவரோடு புதைக்கும் மந்திரச் சுருள், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது (கி.மு. 1275 அளவு). அதில் நெப்திஸும் ஐசிஸும் ஒசைரிஸின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அவளுடைய வேலை சாவுக்குப் பிறகு தொடங்குகிறது. பிரமிட் வாசகங்கள் இதைப் பூசாமல் சொல்கின்றன: சகோதரிகள் இருவரும் ஒசைரிஸ் அழுகிப்போகாமல் தடுக்கிறார்கள், அவன் உடலின் நீர் தரையில் வடிந்துவிடாமல் தடுக்கிறார்கள். இன்னொரு இடத்தில் நெப்திஸ் உறுப்புகளை எல்லாம் ஒன்றுசேர்க்கிறாள். அங்கே அவளுக்குக் கட்டடக்காரர்களின் தலைவியான செஷாத் என்ற பெயரும் தரப்படுகிறது. சிதறியதைத் திரும்பக் கட்டுகிறவள் என்பதால். எகிப்தியரைப் பொறுத்தவரை அழுகை மனம் ஆறுவதற்கான வழியாக இருந்ததைவிட, உடலைக் கெடாமல் வைக்கும் வினையாக இருந்தது. பிணத்தை உலர்த்தும் நேட்ரான் உப்பு செய்ததையே ஒப்பாரியும் செய்தது.

ஏன் பருந்து?

‘ஒருத்தி மேற்கிலிருந்து வருகிறாள், ஒருத்தி கிழக்கிலிருந்து வருகிறாள்’ என்று சொல்லும் ஒரு பிரமிட் வாசகத்தில், சகோதரிகளில் ஒருத்தி ஹாத் என்னும் பறவையாகவும் மற்றவள் ஜெரெத் என்னும் பறவையாகவும் வந்து, நெதியத் என்ற இடத்தில் விழுந்து கிடக்கும் ஒசைரிஸைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜெரெத் என்பது பருந்து. நம் ஊர்க் குப்பைமேட்டுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் மேலே வட்டமிடும் அதே கரும்பருந்து இனம் நைல் கரையிலும் உண்டு. அதன் குரலைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது: நீளமாக எழும்பி, நடுங்கி, உடைந்து இறங்கும் சீழ்க்கை. பிணம் கிடக்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்து மேலே சுற்றுவதும் அந்தப் பறவைதான். தேடுவது, கண்டுபிடிப்பது, ஓலமிடுவது ஆகிய மூன்றும் ஒரே பறவையில் அமைந்துவிட்டன.

படங்களில் ஒரு எச்சரிக்கை. மம்மியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் பறவைகள் சகோதரிகள். லக்சரில் உள்ள நெஃபர்தாரி ராணியின் கல்லறையில் இதைப் பார்க்கலாம். மம்மியின் உடலுக்கு மேலேயே சிறகடிக்கும் பறவை ஐசிஸ். அபிதோஸில் முதலாம் சேத்தியின் கோயிலில் அவள் அப்படித்தான் ஹோரஸைக் கருக்கொள்கிறாள். மனிதத் தலையோடு தனியாக ஒரு பறவை, தலைக்குறி எதுவும் இல்லாமல் இருந்தால், அது இறந்தவரின் ‘பா’ என்னும் ஆன்மா. மூன்றையும் போட்டுக் குழப்பிய பட விளக்கங்கள் ஏராளம்.

ஒப்பாரிச் சடங்கு எப்படி நடந்தது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முடியும், ஏனென்றால் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார்கள். பப்பைரஸ் என்னும் கோரைத்தாளில் எழுதிய இரண்டு சுருள்கள் முக்கியம். ஒன்று பெர்லினில் 3008 என்ற எண்ணுள்ளது. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்தவரான டாலமி மன்னர்கள் காலத்தது. ஒரு பெண்ணுக்கான இறந்தோர் நூலின் கடைசியில் சேர்த்து எழுதப்பட்டது. மற்றது பிரிட்டிஷ் மியூசியத்தில் 10188 என்ற எண்ணுள்ள, பிரெம்னர்-ரிண்ட் என்று அழைக்கப்படும் சுருள், கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பிரெம்னர்-ரிண்டில் உள்ளது கோயிலுக்கான பெரிய சடங்கு, ‘இரு பருந்துகளின் திருவிழா’. நடக்கும் இடம் ஒசைரிஸ் கோயில். காலம், வெள்ளப் பருவத்தின் நான்காம் மாதமான கியாக், 22 முதல் 26 வரை ஐந்து நாள். முதலில் கோயில் முழுவதையும் தூய்மைப்படுத்த வேண்டும். பிறகு இரண்டு பெண்களை அழைத்து வர வேண்டும். இருவரும் உடல் தூய்மையானவர்களாக, கன்னியராக இருக்க வேண்டும். உடம்பு முடி முழுவதும் மழிக்கப்பட்டிருக்க வேண்டும். தலையில் டோப்பா. கையில் வட்டத் தோல் வாத்தியம். கஞ்சிராவைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். ஒருத்தியின் தோளில் ஐசிஸ் என்றும் மற்றவளின் தோளில் நெப்திஸ் என்றும் பெயர் எழுத வேண்டும். அதன் பிறகு இறைவன் முன்னால் பாட்டு: இருவரும் சேர்ந்து பாடுவது, ஐசிஸ் தனியே பாடுவது, நடுவில் நூல் ஓதும் பூசாரியின் பகுதி. பாட்டில் இவர்களுக்கு ‘நீள்கூந்தலார்’ என்று பெயர். மழித்த உடம்பும் நீண்ட கூந்தலும் முரணாகத் தோன்றும், டோப்பா அதற்குத்தான். தலைமயிர் முகத்தில் புரள அழுவது துக்கத்தின் தோற்றம். மழித்த உடல் பூசைக்கான தூய்மை. இரண்டும் ஒரே ஆளிடம் வேண்டியிருந்தது.

பெர்லின் சுருள் சிறியது. தனி ஒருவருக்காகவும் செய்யக்கூடியது. நாள் கியாக் 25. அழகிய உடல் கொண்ட இரண்டு பெண்கள், மண்டபத்தின் தலைவாயிலில், தரையில் உட்கார வேண்டும். தோள்களில் பெயர் எழுதுவது இங்கேயும் உண்டு. வலது கையில் தண்ணீர் நிறைத்த நீல மெருகு ஜாடி. இடது கையில் மெம்ஃபிஸில் சுட்ட ரொட்டி. முகம் குனிந்திருக்க வேண்டும். பகலின் மூன்றாம் மணியிலும் எட்டாம் மணியிலும் ஓத வேண்டும். எகிப்தியர் சூரிய உதயத்திலிருந்து பகலை 12 பங்காகப் பிரித்தார்கள். நம் கணக்கில் காலை எட்டு ஒன்பது மணி, பிற்பகல் ஒன்று இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஓதுவதில் சோம்பல் கூடாது என்று ஒரு கண்டிப்பும் சேர்த்திருக்கிறார்கள். யாரோ சோம்பியிருக்கிறார்கள் போலும்.

பெயரை ஏன் தோளில் எழுத வேண்டும்?

அது நாடகத்தில் யார் எந்த வேடம் என்று காட்டும் சீட்டு அல்ல. எகிப்தில் பெயரை எழுதினால் அந்தப் பொருளே அங்கே வந்துவிடுகிறது. மன்னனின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எடுப்பது அவனையே அழிப்பது என்று நம்பியவர்கள் அவர்கள். ஆகவே தோளில் நெப்திஸ் என்று எழுதிய நேரத்திலிருந்து அந்தப் பெண் அழும்போது அழுவது நெப்திஸ்தான்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?

திரும்பத் திரும்ப ஒரே அழைப்பு: ‘உன் வீட்டுக்கு வா.’ பகைவர்கள் இல்லை, பயப்படாதே, வா என்று நெப்திஸ் கூப்பிடுகிறாள். ‘உன் சகோதரிகள் இருவரும் உன் கட்டில் அருகே காவல் இருக்கிறோம், கண்ணீரோடு உன்னை அழைக்கிறோம், கட்டிலில் திரும்பிப் படு, எங்களைப் பார், எங்களோடு பேசு’ என்கிற பகுதிதான் அதிகம் பேசப்படுவது. புகழ்ச்சி, ஏக்கம், உடல் நெருக்கத்துக்கான விழைவு எல்லாம் கலந்து வரும். போனவனைப் போய்வா என்று வழியனுப்பும் வரியைத் தேடினால் கிடைக்காது. எழுப்புகிற பாட்டு அது.

கியாக் 25 இப்போது எந்தத் தேதியில் வரும்?

காப்டிக் திருச்சபையின் நாட்காட்டி அதே மாதப் பெயரை இன்றும் வைத்திருக்கிறது. அதில் கியாக் 1 வழக்கமாக டிசம்பர் 10. அப்படியானால் 25-ஆம் நாள் ஜனவரி 3. ஆனால் இதைப் பழங்காலத்துக்குப் பொருத்தக் கூடாது. பழைய எகிப்திய ஆண்டுக்குச் சரியாக 365 நாள், மிகுநாள் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பருவத்தை விட்டு நழுவிக்கொண்டே போயின. ‘வெள்ளப் பருவத்தின் நான்காம் மாதம்’ கோடையிலும் வந்திருக்கிறது. ரோமர் ஆட்சியில்தான் மிகுநாள் சேர்த்து நிலைநிறுத்தினார்கள்.

தெந்தேரா கோயிலின் மேல்தள அறைகளில் கியாக் விழாவின் விவரம் நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. இரு பருந்துகளின் விழா தொடங்கும் அதே 22-ஆம் நாளில் 34 சிறு படகுகளும் 365 விளக்குகளும் வேண்டும் என்று அங்கே கணக்கு உண்டு. மண்ணில் பார்லி விதைத்து முளைக்க வைத்த ஒசைரிஸ் உருவத்தைச் செய்வதும் இந்த விழாவில்தான்.

சாதாரணச் சாவு வீட்டிலும் நெப்திஸாக யாராவது நடித்தார்களா?

பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலக் கல்லறைச் சுவர்களிலேயே, சவ ஊர்வலத்தில், பெட்டியின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெண் நிற்பதைக் காணலாம். மேலே ‘ஜெரெத்’, பருந்து என்று எழுதியிருக்கும். பிற்காலத்தில் பெரிய பருந்து, சிறிய பருந்து என்ற பிரிவும் வருகிறது. பெரியவள் ஐசிஸ், சிறியவள் நெப்திஸ். இவர்கள் சடங்குக்காரர்கள்.

இவர்களோடு மற்ற அழுகைப் பெண்களைச் சேர்த்து எண்ணக் கூடாது. லக்சரின் மேற்குக் கரையில், அமைச்சர் ராமோஸின் கல்லறையில் (எண் 55), வெளிர் உடை உடுத்திய பெண்கள் கூட்டமாகக் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். கன்னத்தில் கண்ணீர்க் கோடுகள். அவர்கள் துக்கம் காட்ட வந்த கூட்டம். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ், வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் தலையிலும் முகத்திலும் சேறு பூசிக்கொண்டு, உடலை வீட்டிலேயே விட்டுவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள் என்கிறார். சேறு பூசுவதும் மாரடிப்பும் பொதுமக்களுடையவை. குனிந்த முகத்தோடு, அளந்த சொற்களோடு, குறித்த மணியில் அழுவது இரு பருந்துகளுடையது.

தமிழ் ஒப்பாரிக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டா என்ற கேள்வி தவறாமல் வரும். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பெண்கள் சேர்ந்து செத்தவரை விளித்துப் பாடுவது உலகின் பல மூலைகளில் தனித்தனியே உள்ள வழக்கம். இந்தப் பக்கத்தில் ஒப்பாரி என்ற சொல்லைப் பயன்படுத்துவது, அதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை என்பதால் மட்டுமே.

சவப்பெட்டியில் அவள் எந்தப் பக்கம்?

தலைமாட்டில் நெப்திஸ், கால்மாட்டில் ஐசிஸ். இறந்தோர் நூலின் 151-ஆம் பகுதியில் உள்ள அறைப் படமும் இப்படித்தான்: நடுவில் அனுபிஸ் மம்மியின்மேல் கை வைத்திருக்க, இரு முனைகளிலும் சகோதரிகள் மண்டியிட்டிருப்பார்கள். அரச கல் பேழைகளில் அவள் பொன்னைக் குறிக்கும் எழுத்தின்மேல் மண்டியிட்டிருப்பாள்.

மியூசியத்தில் பெட்டியின் எந்த முனை தலை என்று குழப்பம் வந்தால், இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம்: கூடைக் குறி இருக்கும் முனை தலை. ஆனால் சுவரோவியங்களில் இந்த விதி அடிக்கடி தளர்கிறது. ஓவியனுக்குச் சமச்சீர்தான் முக்கியம். இடம் வலம் மாறினாலும் அவன் கவலைப்படுவதில்லை.

துட்டன்காமுனின் கல் பேழையில் நான்கு மூலைகளிலும் சிறகு விரித்த நான்கு தெய்வங்கள்: ஐசிஸ், நெப்திஸ், நெய்த், செர்கெத். 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கல்லறையிலேயே, மன்னர் பள்ளத்தாக்கில், பேழை இன்றும் இருக்கிறது.

உள்ளுறுப்பு ஜாடிகளில் எது நெப்திஸின் பொறுப்பு?

நுரையீரல். பதப்படுத்தும்போது வெளியே எடுக்கும் நான்கு உறுப்புகளுக்கு ஹோரஸின் நான்கு மகன்கள் காவல். அவர்களுக்கு மேலே நான்கு தேவியர். மனிதத் தலை இம்செத்தி கல்லீரல், அவனுக்கு ஐசிஸ். குரங்குத் தலை ஹாப்பி நுரையீரல், அவனுக்கு நெப்திஸ். நரித் தலை துவாமுதெஃப் வயிறு, நெய்த். வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப் குடல், செர்கெத்.

இந்த ஹாப்பியை நைல் வெள்ளத்தின் தெய்வமான ஹாப்பியோடு குழப்ப வேண்டாம். எகிப்திய எழுத்தில் இரண்டும் வேறு. தலை வடிவத்தை மட்டும் நம்பியும் உறுப்பைச் சொல்லிவிட முடியாது. நான்குக்கும் மனிதத் தலையே வைத்த ஜாடிகள் 18-ஆம் வம்சம் வரை சாதாரணம். மூடிகள் மாறிப்போவதும் உண்டு. ஜாடியின் உடலில் எழுதியிருக்கும் பெயர்தான் சாட்சி. 21-ஆம் வம்சத்தில் உறுப்புகளைப் பொதிந்து உடலுக்குள்ளேயே திரும்ப வைக்கும் வழக்கம் வந்தது. அதன் பிறகும் ஜாடி வைத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லாமல்.

மம்மித் துணி அவளுடைய கூந்தல் என்பது உண்மையா?

பிரமிட் வாசகம் ஒன்று இறந்தவனை எழுந்திருக்கச் சொல்கிறது: முகத்து மணலை உதறு, உன்னைக் கட்டியிருப்பவை கட்டுகள் அல்ல, அவை நெப்திஸின் கூந்தல் இழைகள். துக்கத்தில் அவிழ்ந்து அவன்மேல் விழுந்த கூந்தலே அவனைச் சுற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். கூந்தலைக் கட்டு என்று எண்ணி யாராவது அசையாமல் கிடப்பார்களா? அந்தப் பாட்டின் சாமர்த்தியம் அதுதான்.

நடைமுறையில் அது லினன் துணி. நேட்ரான் உப்பில் உலர்த்துவதும் துணி சுற்றுவதும் சேர்த்து மொத்தம் 70 நாள். ஆதியாகமம் யாக்கோபின் உடலுக்கு 40 நாள் பதப்படுத்தலையும் 70 நாள் துக்கத்தையும் சொல்வது இதோடு ஒத்துப்போகிறது. 26-ஆம் வம்சக் காலத்திலிருந்து துணிச்சுற்றுகளுக்குள் நெப்திஸின் சிறு தாயத்துகளும் வைக்கப்பட்டன. நடுவில் குழந்தை ஹோரஸ், இரு பக்கமும் கைபிடித்த ஐசிஸும் நெப்திஸும் நிற்கும் நீலப்பச்சைத் தாயத்து அந்தக் காலத்தில் மிகப் பரவலானது.

சேத்தின் மனைவி எப்படி ஒசைரிஸுக்காக அழுகிறாள்? அனுபிஸ் அவள் மகனா?

நாம் கேட்டுப் பழகிய முழுக் கதையைக் கோவையாகச் சொன்னவர் புளூட்டார்க் என்ற கிரேக்கர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒசைரிஸ் தெரியாமல் நெப்திஸோடு கூடிவிடுகிறான். அவன் விட்டுச்சென்ற மெலிலோட் என்ற செடியின் பூமாலை அதைக் காட்டிக்கொடுக்கிறது. பிறந்த குழந்தையை நெப்திஸ் சேத்துக்குப் பயந்து போட்டுவிட, ஐசிஸ் நாய்களின் உதவியோடு தேடி எடுத்து வளர்க்கிறாள், அவன்தான் அனுபிஸ்.

இதை எகிப்திய மரபின் ஒரே குரலாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது. எகிப்திய வாசகங்களில் அனுபிஸுக்கு வேறு தாய்களும் உண்டு. பாஸ்தெத், ஹெசாத் என்ற பசு. சேத்தும் நெப்திஸும் ஜோடியாக வருகிறார்கள். லூவ்ரில் இருவரும் சேர்ந்த ஒரு சிறிய சிலையும் இருக்கிறது. ஆனால் இல்லறக் கதை என்று பழைய மூலங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரமிட் வாசகங்களில் அவளை வைகிற இடமும் உண்டு: தீய வரவாக வந்தால் அவளைப் பெண்ணுறுப்பு இல்லாத போலிப் பெண் என்று அழைத்து விரட்டச் சொல்கிறது ஒரு மந்திரம்.

புளூட்டார்க் தரும் இன்னொரு விளக்கம் நைல் கரையைப் பார்த்தவர் சொல்வது போல இருக்கிறது. நெப்திஸ் விளைநிலத்தின் கடைசி ஓரம், பாலைக்குப் பக்கத்து வறண்ட நிலம், சேத்துக்கு உரியது. வெள்ளம் வழக்கத்தை மீறி அங்கேயும் ஏறினால் ஒசைரிஸ் நெப்திஸோடு கூடினான் என்பார்கள். முளைக்கும் செடி காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பிறந்தநாள் எது?

ஆண்டின் கடைசி நாள். 12 மாதம், மாதத்துக்கு 30 நாள், மொத்தம் 360. மீதி ஐந்து நாளில் ஒசைரிஸ், மூத்த ஹோரஸ், சேத், ஐசிஸ், நெப்திஸ் என வரிசையாகப் பிறந்தார்கள். இந்த ஐந்து நாளைத் தோத் சந்திரனோடு காய் விளையாடி வென்றதாகப் புளூட்டார்க் சொல்கிறார். ஒவ்வொரு நாளின் ஒளியிலும் எழுபதில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. 360-ஐ 72-ஆல் வகுத்தால்தான் சரியாக ஐந்து வரும். 70-ஆல் வகுத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

பிறப்போடும் அவளுக்குத் தொடர்பு உண்டாமே?

உண்டு. பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் பப்பைரஸ் என்ற கதைச் சுருளில், ருத்ஜெதெத் என்ற பெண் மூன்று வருங்கால மன்னர்களைப் பெறத் தவிக்கும்போது, ஐசிஸ், நெப்திஸ், மெஸ்கெனெத், ஹெகெத் ஆகிய தேவியர் ஆட்டக்காரிகளாக வேடம் போட்டு வருகிறார்கள். க்னும் தெய்வம் மூட்டை தூக்கி வருகிறது. ஐசிஸ் முன்னால், நெப்திஸ் பின்னால் தாங்கிப் பிடிக்க, ஹெகெத் பிரசவத்தை விரைவுபடுத்துகிறாள். கூலியாக ஒரு மூட்டை பார்லி. பிரசவத்திலும் பாடையிலும் இந்த இருவரும் நிற்பது ஒரே மாதிரிதான், ஆளுக்கொரு முனையில். எகிப்தியருக்குச் சாவும் ஒரு பிரசவம் என்பதால் வேலையும் மாறவில்லை.

அவளுக்கெனக் கோயில் இருந்ததா?

மிகக் குறைவு. நடு எகிப்தில் செபெர்மெரு என்ற ஊரில், சேத்தின் கோயில் வளாகத்துக்குள், அவளுக்கு ஒரு கோயில் இருந்தது. ஐந்தாம் ராம்செஸ் காலத்து நில வரி ஆவணமான வில்பர் பப்பைரஸில் அதன் நிலங்கள் பதிவாகியுள்ளன. தெற்கே எஸ்னாவுக்கு அருகே கோமிரில் கிரேக்க-ரோமர் காலக் கோயிலில் அவளுக்குத் துதிப்பாடல் இருக்கிறது. மற்றபடி அவள் எங்கும் இருப்பாள், பிறர் கோயிலில்.

நெப்திஸ் படம் போட்ட பப்பைரஸ் வாங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உண்மையான பப்பைரஸில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு நார் தெரியும். ஓரத்தை மெல்லச் சுருட்டினால் வளையும். மலிவு விலையில் வாழைமட்டையில் செய்து விற்பதில் நார்க்கோடு ஒழுங்காக இருக்காது, வளைத்தால் விரிசல் விடும்.

அடுத்து தலைக்குறி: கூடைக்குக் கைப்பிடி இருக்கிறதா, கட்டத்துக்குள் பறவை நுழைந்திருக்கிறதா. பிறகு பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர். பெயர் ஐசிஸுடையதாகவும் தலைக்குறி நெப்திஸுடையதாகவும் அச்சடித்தவை நிறையவே விற்கின்றன. இரண்டு பெண்கள், நடுவில் பச்சை முகமும் ஆட்டுத் தலையும் கொண்ட மம்மி உருவம் இருந்தால், அது பெரும்பாலும் நெஃபர்தாரி கல்லறைச் சுவரின் நகல். மூலத்தில் இரு பக்கமும் எழுத்து உண்டு: ‘ராவில் இளைப்பாறும் ஒசைரிஸ்’ என்றும் ‘ஒசைரிஸில் இளைப்பாறும் ரா’ என்றும். ரா என்பது சூரியத் தெய்வம். நகலில் அந்த வரிகள் விடுபட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.